ரவுட்டர் செத்துப் பிழைக்கும் அந்த ஏழு நிமிடங்கள்

நெட்வொர்க் வேலையில் நான் கண்ட மோசமான இரவுகளில் ஒன்று, எல்லா ஏற்பாடும் கச்சிதமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்த இரவு. எட்ஜ் ரவுட்டர் ஒன்றில், அதாவது எங்கள் நெட்வொர்க் வெளியுலகைத் தொடும் விளிம்பில் நிற்கும் ரவுட்டரில், சாஃப்ட்வேரை மாற்றி ரீலோட் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. எட்ஜில் இரண்டு ரவுட்டர்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும். போதாததற்கு, நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று ரூட்களை, அதாவது வழிகளை, சொல்லிக்கொள்ளும் பிஜிபி-யின் எல்லா செஷன்களிலும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் போட்டிருந்தோம்; செஷன் அறுந்தாலும் ரூட்களைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு அது. அனுமதிப் படிவத்தில் 'பாதிப்பு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. இரண்டு வாரம் முன்பு அதே ரவுட்டரில் பிஜிபி புராசஸ் தானாகச் செத்து எழுந்தது. செஷன்கள் எல்லாம் விழுந்தன, திரும்ப வந்தன. ஆனால் ஓடிக்கொண்டிருந்த பிங்கில் ஒரு பேக்கெட்கூடத் தொலையவில்லை. மறுநாள் லாகைப் பார்த்தபோதுதான் நடந்ததே தெரிந்தது. "பார்த்தீங்களா சார், ஒருத்தரும் போன் பண்ணல" என்று கூட வேலை பார்க்கும் தம்பி சொன்னான். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். புராசஸ் ரீஸ்டார்ட் வேறு, ரவுட்டர் ரீலோட் வேறு என்பது எனக்குப் படிப்பாகத் தெரியும். உறைக்கவில்லை.

ரீலோட் கொடுத்து அரை நிமிடத்தில் முதல் போன் வந்தது. சில தளங்கள் திறக்கின்றன, சில திறக்கவில்லை. நான் இரண்டாவது ரவுட்டரில் நுழைந்து எதையெதையோ தேடிக்கொண்டிருக்கும்போதே தானாகச் சரியாகிவிட்டது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். ஏழாவது நிமிடம் ரவுட்டர் எழுந்தது. எழுந்த கையோடு மறுபடி எல்லாம் நின்றது. இந்த முறை பாதிப் பேருக்கு அல்ல, கிட்டத்தட்ட எல்லாருக்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் நீடித்தது. ஒரே ரீலோட்டில் இரண்டு தடைகள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத இரண்டு காரணங்கள். அதை முழுசாகப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கொஞ்சம் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ரவுட்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பக்கத்து ரவுட்டர்களோடு பேசி எந்த முகவரிக்கு எந்த வழி என்று முடிவு செய்வது கண்ட்ரோல் பிளேன். அந்த முடிவை அட்டவணையாக வாங்கிவைத்துக்கொண்டு, வரும் பேக்கெட்டை எடுத்து உரிய வாசலில் தள்ளுவது பார்வர்டிங் பிளேன். பெரிய ரவுட்டர்களில் இந்தத் தள்ளும் வேலையைத் தனிச் சிப்கள் செய்கின்றன. அதனால் மூளை கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்தாலும், கடைசியாகக் கிடைத்த அட்டவணையை வைத்துக் கைகள் வேலையைத் தொடரும்.

பிஜிபி கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. 2007-ல் வந்த ஆர்எஃப்சி 4724 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிமுறை ஆவணம்) இதை வரையறுத்தது. செஷன் தொடங்கும்போதே இரண்டு ரவுட்டர்களும் 'எனக்கு இது தெரியும், நான் விழுந்தால் இத்தனை விநாடி பொறு' என்று சொல்லிக்கொள்கின்றன. அந்த விநாடிக் கணக்குதான் ரீஸ்டார்ட் டைம். பல சாஃப்ட்வேர்களில் அது 120 விநாடியாகவே வரும். அந்தப் புலத்துக்கு 12 பிட்தான் என்பதால் 4095 விநாடிக்கு மேல் கேட்க முடியாது. செஷன் அறுந்தால் பக்கத்து ரவுட்டர் ரூட்களை அழிக்காமல், 'பழையது' என்று குறியிட்டு அப்படியே பயன்படுத்தும். விழுந்தவன் எழுந்து தன் ரூட்களை எல்லாம் மறுபடி சொல்லிவிட்டு, கடைசியில் 'எண்ட் ஆஃப் ரிப்' என்ற அடையாளத்தை அனுப்புவான். அது வந்ததும், புதுப்பிக்கப்படாமல் மிச்சமிருக்கும் பழைய ரூட்கள் துடைக்கப்படும்.

இதில் பக்கத்து ரவுட்டர் என்ன செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொன்னதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு பேக்கெட்டுகளை உங்களிடம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 'என் மூளைதான் மயங்கும், கைகள் ஓடும்' என்பது நீங்கள் கொடுத்த வாக்கு. முழு ரீலோட்டில் கைகளும் சேர்ந்து நிற்கின்றன. அப்போது அதே வாக்கு பொய்யாகிவிடுகிறது.

எங்களுக்கு நடந்த முதல் தடை இதுதான். ரீலோட் கட்டளை வந்ததும் அந்த ரவுட்டரின் ஓஎஸ் பிஜிபி புராசஸை அப்படியே கொன்றது. முறைப்படி நோட்டிஃபிகேஷன், அதாவது 'செஷனை மூடுகிறேன்' என்ற பிஜிபி செய்தி, அனுப்பி விடைபெறவில்லை. செஷனைச் சுமந்த டிசிபி இணைப்பு மட்டும் மூடப்பட்டது. நோட்டிஃபிகேஷன் போயிருந்தால், 4724-ன் பழைய விதிப்படி எதிர்ப்பக்கம் ரூட்களை உடனே அழித்திருக்கும். வெறும் டிசிபி மூடலைப் பார்த்ததும் அது 'ஓ, ரீஸ்டார்ட் போல' என்று 120 விநாடி பொறுமை காத்தது. டிரான்சிட் லிங்க், அதாவது இணையம் முழுவதற்கும் எங்களுக்கு வழி தரும் நிறுவனத்தோடான இணைப்பு, நேரடிக் கேபிள் என்பதால் பிழைத்தது. எங்கள் போர்ட் அணைந்ததும் அவர்கள் போர்ட்டும் விழுந்து ரூட்கள் போய்விட்டன. ஆனால் பல நெட்வொர்க்குகள் சந்தித்து டிராஃபிக் மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் பாயின்ட்டில் எங்களுக்கும் பீர்களுக்கும் (எங்களோடு பிஜிபி பேசும் மற்ற நெட்வொர்க்குகள்) நடுவே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. எங்கள் ரவுட்டர் செத்தாலும் பீரின் போர்ட் பச்சையாகவே எரியும், எந்த ஐபிக்கு எந்த ஹார்டுவேர் முகவரி என்று குறித்துவைக்கும் ஏஆர்பி அட்டவணையில் எங்கள் மேக் முகவரியும் இருக்கும். அந்த பீர்கள் எல்லாரும் எங்களுக்கான டிராஃபிக்கை இரண்டு நிமிடம் ஒரு பிணத்திடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே நல்ல உடம்போடு இரண்டாவது ரவுட்டர் நின்றுகொண்டிருந்தது.

கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் இல்லாமலே இருந்திருந்தால் சில விநாடிகளில் மாறியிருக்கும். இதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டாவது தடைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது. ரவுட்டர் எழும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழுவதில்லை. ஓஎஸ்பிஎஃப், அதாவது உள் நெட்வொர்க்கின் ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை, அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் தயாராகிவிடும். உள் நெட்வொர்க்கின் சில நூறு ரூட்கள்தானே. பிஜிபி அப்படி அல்ல. முழு ஐபிவி4 அட்டவணை பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. செஷன் எழ வேண்டும், அத்தனை ரூட்களும் வர வேண்டும், சிறந்தது எது என்று கணக்குப் போட வேண்டும், அப்புறம் அதை ஹார்டுவேரில் எழுத வேண்டும். நிமிடக் கணக்கு.

இந்த இடைவெளியில் என்ன ஆகிறது? உள்ளே இருக்கும் ரவுட்டர்கள் ஓஎஸ்பிஎஃப்-ஐ நம்புபவை. 'முதல் எட்ஜ் வந்துவிட்டது, அதுதான் முதல் தேர்வு' என்று டிராஃபிக்கை அங்கே திருப்பிவிட்டன. அந்த எட்ஜோ டிஃபால்ட் ரூட்டை, அதாவது வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்குமான வழியை, 'எப்போதும் அறிவி' என்ற கட்டளையோடு அறிவித்துக்கொண்டிருந்தது. தன்னிடம் வெளியுலக ரூட் ஒன்றுகூட இல்லாத நேரத்திலும் 'எல்லாவற்றையும் என்னிடம் கொடுங்கள்' என்று கூப்பிட்டு, வந்ததையெல்லாம் கீழே போட்டது. அந்த 'எப்போதும்' என்ற சொல்லை யாரோ வருடங்களுக்கு முன் போட்டிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

இதற்கு மருந்து பல வருடமாகவே இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப்-ல் மேக்ஸ் மெட்ரிக்: ரவுட்டர் எழுந்ததும் தன் லிங்க்குகள் எல்லாவற்றுக்கும் 65535 என்ற உச்ச விலையைச் சொல்லும். 'இருக்கிறேன், ஆனால் வேறு வழி இருந்தால் அங்கே போங்கள்' என்று பொருள். ஆர்எஃப்சி 6987-ல் இருப்பது இதுதான். அதற்கு முன் 2001-லேயே 3137 வந்துவிட்டது. ஓஎஸ்பிஎஃப்-க்குப் பதில் ஐஎஸ்-ஐஎஸ் ஓட்டுபவர்களுக்கு ஓவர்லோட் பிட் இதே வேலையைச் செய்கிறது. இரண்டிலும் 'எழுந்ததும் இத்தனை விநாடி' என்றோ, சில சாஃப்ட்வேர்களில் 'பிஜிபி தயாராகும் வரை' என்றோ போட்டுக்கொள்ளலாம்.

நான் மேக்ஸ் மெட்ரிக்கைப் போட்டு, அடுத்த பராமரிப்பு விண்டோவில் சோதித்தேன். வேலை செய்யவில்லை! டிஃபால்ட் ரூட்டை நோக்கிய டிராஃபிக் மறுபடியும் அந்த எட்ஜுக்கே போனது. காரணம் இதுதான்: டிஃபால்ட் ரூட் ஓஎஸ்பிஎஃப்-க்குள் வெளி ரூட்டாக, டைப் 2 மெட்ரிக்கோடு வருகிறது. டைப் 2-ல் முதலில் ஒப்பிடப்படுவது அந்த வெளி மெட்ரிக் மட்டுமே. அது சமமாக இருந்தால்தான் எட்ஜ் வரைக்குமான தூரம் பார்க்கப்படும். நாங்கள் முதல் எட்ஜுக்கு 10, இரண்டாவதுக்கு 20 என்று வைத்திருந்தோம். லிங்க்குகளின் விலை வானத்துக்குப் போனாலும் 10 என்பது 20-ஐ ஜெயித்துக்கொண்டேதான் இருக்கும். வெளி ரூட்களை அறிவிக்கும் எல்எஸ்ஏ செய்திகளின் மெட்ரிக்கையும் சேர்த்து உயர்த்தும் தனி ஆப்ஷன் உண்டு, அதைப் போட்டோம். இன்னும் நல்லது, 'எப்போதும்' என்பதை எடுத்துவிட்டு, பிஜிபி வழியே ஒரு குறிப்பிட்ட ரூட் வந்திருந்தால் மட்டும் டிஃபால்ட்டை அறிவி என்று நிபந்தனை வைப்பது. இரண்டையும் செய்தோம். பயந்தவன் கச்சையும் கட்டுவான், பெல்ட்டும் போடுவான்.

இரண்டு ரவுட்டர்கள் ஒரே கேட்வே முகவரியைப் பங்கிட்டுக்கொள்ளும் விஆர்ஆர்பி-யிலும் இதே கதை உண்டு. கேட்வேயாக இருக்கும் ரவுட்டர் எழுந்ததும், முன்னுரிமை அதிகம் என்பதால் உடனே மாஸ்டர் பதவியைப் பிடுங்கிக்கொள்ளும், மேல் லிங்க் வந்ததா என்று பார்க்காமல். பிரியெம்ப்ட் டிலே என்று ஒன்றிரண்டு நிமிடத் தாமதம் போட்டுவிடுங்கள். போகும்போது விஆர்ஆர்பி ஒழுங்கானது: முறைப்படி நிறுத்தினால் முன்னுரிமை 0 என்று ஒரு அறிவிப்பை அனுப்பிவிட்டுப் போகும், அடுத்தவன் ஒரு விநாடிக்குள் ஏறிவிடுவான். வரும்போதுதான் அவசரக்குடுக்கை.

திட்டமிட்ட ரீலோட் என்றால் இப்போது நான் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டை நம்புவதே இல்லை. டிராஃபிக்கை முதலில் வடிய விட்டுவிடுகிறேன். வெற்று ரவுட்டர் செத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

வடிய விடுவதற்கென்றே ஒரு பிஜிபி கம்யூனிட்டி, அதாவது ரூட்டில் ஒட்டும் குறிச்சீட்டு, இருக்கிறது: 65535:0. பெயர் கிரேஸ்ஃபுல் ஷட்டவுன். 2018-ல் ஆர்எஃப்சி 8326 ஆக வந்தது. நீங்கள் அறிவிக்கும் ரூட்களில் இதை ஒட்டினால், மதிக்கும் பீர் அந்த ரூட்டின் லோக்கல் பிரெஃபரன்ஸை, அதாவது தன் பக்க விருப்ப மதிப்பெண்ணை, 0 ஆக்கிவிடும். செஷன் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வேறு வழிக்கு நகர்ந்துவிடுவார்கள். பெயரில் கிரேஸ்ஃபுல் இருப்பதால் பலர் இதையும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று 'என்னை விட்டுப் போ' என்கிறது, மற்றது 'என்னை விட்டுப் போகாதே' என்கிறது. நேர் எதிர்.

எல்லா பீர்களும் இந்தக் கம்யூனிட்டியை மதிப்பதில்லை. அதனால் ஏஎஸ் பாத்தை, அதாவது ரூட் கடந்துவந்த நெட்வொர்க்குகளின் பட்டியலை, இரண்டு மூன்று முறை நீட்டியும் விடுவேன். உள்ளே வரும் ரூட்களுக்கு என் பக்கம் லோக்கல் பிரெஃபரன்ஸைக் குறைக்க வேண்டும், அதை மறந்தால் வெளியே போகும் டிராஃபிக் அசையாது. ஒரு முறை எல்லாம் செய்தும் ஒரு குறிப்பிட்ட டிராஃபிக் மட்டும் நகரவே இல்லை. தேடிப் பார்த்தால், முதல் எட்ஜ் மட்டும் ஒரு சின்ன பிரிஃபிக்ஸை (முகவரித் தொகுதியை) தனியாக அறிவித்துக்கொண்டிருந்தது; இரண்டாவது எட்ஜ் அதை உள்ளடக்கிய பெரிய பிரிஃபிக்ஸை மட்டும். நீளமான பொருத்தம், அதாவது சின்னத் தொகுதிதான் ஜெயிக்கும், லோக்கல் பிரெஃபரன்ஸ் என்ன ஆனாலும். வடிய விடுவதற்கு முன் இரண்டு ரவுட்டர்களும் அறிவிக்கும் பட்டியலை அருகருகே வைத்துப் பார்ப்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

அப்புறம், எவ்வளவு நேரம் காத்திருப்பது? முன்பெல்லாம் ஐந்து நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது இன்டர்ஃபேஸ் கிராஃபைப் பார்க்கிறேன். கோடு தரையைத் தொட்டு, 'உயிரோடு இருக்கிறேன்' என்ற கீப்அலைவ் செய்திகளின் அளவுக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தால் சரி. தரைக்குச் சற்று மேலே பிடிவாதமாக நிற்கிறதா, யாரோ ஒருவர் கையால் எழுதிய, தானாக மாறாத ஸ்டாட்டிக் ரூட்டை உங்கள் பக்கம் நட்டுவைத்திருக்கிறார். ரீலோட்டுக்கு முன் அவரைக் கண்டுபிடிப்பது, பிறகு அவர் உங்களைக் கண்டுபிடிப்பதைவிட நல்லது.

கோடு தரையைத் தொட்ட பிறகு பிஜிபி செஷன்களைக் கையாலேயே ஷட்டவுன் செய்கிறேன். அப்படிச் செய்தால் நோட்டிஃபிகேஷன் போகும், எதிர்ப்பக்கம் ரூட்களை அழித்துவிடும், இரண்டு நிமிடப் பிணக்கதை வராது. ஒரு எச்சரிக்கை: 2019-ல் வந்த ஆர்எஃப்சி 8538, நோட்டிஃபிகேஷன் வந்தாலும் எதிர்ப்பக்கம் பேசாமல் ஹோல்ட் டைமர் தீர்ந்தாலும் ரூட்களைக் காப்பாற்று என்று விதியை மாற்றியது. இரண்டு பக்கமும் அதை ஒப்புக்கொண்டிருந்தால் 'ஹார்ட் ரீசெட்' என்ற வகை நோட்டிஃபிகேஷன்தான் உண்மையான விடைபெறல். உங்கள் சாஃப்ட்வேர் ஷட்டவுனுக்கு எதை அனுப்புகிறது என்று லேபில் ஒரு முறை பேக்கெட்டைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். ஷட்டவுனோடு ஒரு சின்னச் செய்தியும் அனுப்ப முடியும், 255 ஆக்டெட் வரை. 'சாஃப்ட்வேர் மாற்றம், இருபது நிமிடத்தில் திரும்புவேன்' என்று எழுதினால் எதிர்ப்பக்கம் அது லாகில் தெரியும். நடுராத்திரியில் அந்தப் பக்கம் விழித்திருப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உபகாரம். எனக்கும் ஒருவர் செய்திருக்கிறார்.

அப்படியானால் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டேனா? இல்லை. கொடுத்த வாக்கை எங்கே காப்பாற்ற முடியுமோ அங்கே வைத்திருக்கிறேன். ரூட் ரிஃப்ளெக்டர் அதற்கு அருமையான இடம். எங்கள் ரிஃப்ளெக்டர்கள் ரூட்களை மட்டும் பரப்புகின்றன, பேக்கெட் எதுவும் அவற்றின் வழியே போவதில்லை. அது முழுசாகச் செத்தாலும் பார்வர்டிங் அப்படியே இருக்கும், ஏனென்றால் பார்வர்டிங் அங்கே இல்லவே இல்லை. அங்கே ரீஸ்டார்ட் டைமைத் தாராளமாகவே வைத்திருக்கிறேன். இன்னும் நீண்ட நேரம் தாங்க வேண்டும் என்றால் 2023-ல் ஆர்எஃப்சி 9494 ஆக வந்த நீண்ட ஆயுள் வடிவம் இருக்கிறது. அதில் பழைய ரூட்கள் கடைசித் தேர்வாகத் தாழ்த்தப்பட்டு மணிக்கணக்கில்கூட வைத்திருக்கப்படும். இணைய எட்ஜில் அதை நான் போட மாட்டேன். மணிக்கணக்கில் பழசான வழியைவிட வழி இல்லை என்பது மேல் என்பது என் கட்சி.

இரண்டு ரவுட் புராசசர்கள், அதாவது இரண்டு மூளைக் கார்டுகள், உள்ள பெட்டிகளிலும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் பொருந்தும். ஒரு கார்டு செத்து மற்றது ஏறும்போது பேக்கெட்டைத் தள்ளும் லைன் கார்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே நான்-ஸ்டாப் ரவுட்டிங்கும் உண்டு: செஷனின் நிலையையே இரண்டாவது கார்டுக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருப்பதால் பக்கத்து ரவுட்டருக்கு எதுவும் தெரியவே தெரியாது, அதன் உதவியும் வேண்டாம். கிடைத்தால் அதுவே சொகுசு.

பக்கத்து ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று விடாமல் தட்டிப் பார்க்கும் பிஎஃப்டி பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பிஎஃப்டி-யும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டும் ஒரே செஷனில் கண்ணை மூடிக்கொண்டு போடப்படுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். 300 மில்லி விநாடி, மூன்று முறை தவறினால் விழு என்று வைத்தால் 900 மில்லி விநாடியில் பிஎஃப்டி 'செத்தான்' என்று அறிவிக்கும். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டோ '120 விநாடி பொறு' என்கிறது. யார் பேச்சைக் கேட்பது? அதற்காகவே பிஎஃப்டி பேக்கெட்டில் ஒரு பிட் இருக்கிறது, 'நான் கண்ட்ரோல் பிளேனைச் சாராமல் ஓடுகிறேன்' என்று சொல்லும் பிட். லைன் கார்டில் பிஎஃப்டி ஓடினால் அந்த பிட் 1 ஆக இருக்கும். அப்போது பிஎஃப்டி விழுந்தால் பார்வர்டிங்கும் உண்மையிலேயே போய்விட்டது என்று பொருள், ரூட்களை அழிக்கலாம். நல்ல கூட்டணி. பிஎஃப்டி அதே சிபியூவில் ஓடினால், சிபியூ தடுமாறும்போது அதுவும் சேர்ந்து விழும். எங்கள் முதல் எட்ஜில் எக்ஸ்சேஞ்ச் பீர்களோடு பிஎஃப்டி இருந்திருந்தால், அந்தப் பிட்டும் சரியாக இருந்திருந்தால், இரண்டு நிமிடம் ஒரு விநாடியாகச் சுருங்கியிருக்கும்.

ஓஎஸ்பிஎஃப்-க்கும் தனியாகக் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் உண்டு, 2003-ன் ஆர்எஃப்சி 3623. விழப்போகிறவன் கிரேஸ் எல்எஸ்ஏ அனுப்பி அவகாசம் கேட்பான்; அது 1800 விநாடியைத் தாண்டக் கூடாது. இதில் ஒரு நல்ல அம்சம்: அவகாச நேரத்தில் நெட்வொர்க்கில் வேறு எங்காவது மாற்றம் நடந்தால், உதவி செய்பவன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வழக்கம்போல் நடந்துகொள்வான். கண்ணை மூடிக்கொண்டிருப்பவனை நம்பி லூப்பில் சிக்க வேண்டாம் என்ற முன்யோசனை. லிங்க் அடிக்கடி விழுந்தெழும் நெட்வொர்க்கில் இதனால் அவகாசம் பாதியிலேயே முறியும். முறிந்தால் அது பழுதல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்கப் பெரிய பெட்டி எதுவும் வேண்டாம். ஒரு லினக்ஸ் மெஷினில் நாலு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே மெஷினுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்), எஃப்ஆர்ஆர் அல்லது பேர்ட் என்ற ரவுட்டிங் சாஃப்ட்வேர், போதும். எஃப்ஆர்ஆர்-ல் நான் முதலில் வழுக்கி விழுந்த இடம்: பிஜிபி புராசஸைக் கொன்றால், சும்மா விட்டால், ரூட்களைக் கெர்னலில் எழுதும் ஜீப்ரா என்ற புராசஸ் அதன் ரூட்களைக் கெர்னலிலிருந்து துடைத்துவிடும். கெர்னல்தான் அங்கே பார்வர்டிங் பிளேன். பக்கத்து ரவுட்டர் விசுவாசமாகப் பேக்கெட் அனுப்ப, இங்கே வழியே இல்லாமல் போகும். பார்வர்டிங் நிலையைக் காப்பாற்றுகிறேன் என்ற வரியை பிஜிபி கான்ஃபிகில் தனியாகப் போட வேண்டும். இல்லையென்றால் மறுபடி செஷன் எழும்போது அந்த உறுதிமொழி பிட் 0 ஆகப் போகும். எதிர்ப்பக்கம் பழைய ரூட்களை அந்தக் கணமே அழித்துவிடும். ஜீப்ராவையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்வதென்றால் அதற்கு வேறு ஆப்ஷன்கள் உண்டு. பேர்டில் கெர்னல் புரோட்டோகாலுக்குள் 'பெர்சிஸ்ட்' என்ற ஒரு சொல் இதற்காகவே இருக்கிறது. கான்ஃபிகில் 'கிரேஸ்ஃபுல்' என்ற சொல் இருப்பது ஒன்று, கெர்னலில் ரூட் இருப்பது வேறு. புராசஸைக் கொன்றுவிட்டு அட்டவணையை நீங்களே எட்டிப் பாருங்கள்.

அளப்பதிலும் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு விநாடிக்கு ஒரு பிங் என்று ஓடவிட்டால் முக்கால் விநாடித் தடை கண்ணில் படாமலே போகும். விநாடிக்குப் பத்து என்று வைத்தால், தொலைந்த ஒவ்வொன்றும் 100 மில்லி விநாடி என்று நேராகக் கணக்கு வரும். ஒரே பிங் போதாது. சமவிலை வழிகள் இருந்தால் ஒரு பிங் எப்போதும் ஒரே வழியில்தான் போகும், பக்கத்து வழி எரிந்துகொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வெவ்வேறு போர்ட் எண்களில் இருபது முப்பது யூடிபி ஓட்டங்கள் விடுங்கள், உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும். எங்கள் முதல் தடை வரும் திசையில் மட்டும், இரண்டாவது போகும் திசையில் மட்டும் என்பதை முன்பே அளந்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அளந்து பார்த்ததில்தான் இன்னொன்றும் பிடிபட்டது. ரவுட்டர் 'ரூட் இருக்கிறது' என்று காட்டுவதும் லைன் கார்டு சிப்பில் அது எழுதப்பட்டிருப்பதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. முழு அட்டவணை என்றால் சிப் பின்தங்கி ஓடிவரும். அதற்குள் பிஜிபி பக்கத்து ரவுட்டர்களுக்கு ரூட்டை அறிவித்துவிடுகிறது. ஹார்டுவேரில் எழுதி முடிந்த பிறகே அறிவி என்ற ஆப்ஷன் சில சாஃப்ட்வேர்களில் உண்டு. இல்லாத இடத்தில், மேக்ஸ் மெட்ரிக் நேரத்தை நான் அளந்ததைவிடப் பாதி கூட்டி வைக்கிறேன்.

ரீலோட்டுக்கு முன் செய்யும் ஒரு சின்னத் தந்திரம் இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது. வடிய விட்ட நிலையையே ஸ்டார்ட்டப் கான்ஃபிகாகச் சேமித்துவிடுவது. கம்யூனிட்டி ஒட்டியபடி, மெட்ரிக் உயர்த்தியபடி, செஷன்கள் மூடியபடி. அப்படியானால் ரவுட்டர் எழும்போதும் வெறுமையாகவே எழும். நான் காஃபி குடித்துவிட்டு நிதானமாக ஒவ்வொரு செஷனாகத் திறக்கலாம். எண்ட் ஆஃப் ரிப் வந்ததா, ரூட் எண்ணிக்கை பழைய கணக்கோடு ஒத்துப்போகிறதா, சிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் விலையைக் குறைக்கலாம். ஆமாம், லாகின் சர்வருக்குப் போகும் வழி அதே ரவுட்டர் வழியாக இருக்கிறதா என்றும் முன்பே பாருங்கள். லோக்கல் யூசரும் தனிக் கன்சோல் வழியும் இல்லாமல் மூடிய வீட்டின் வெளியே ஒரு மணி நேரம் நின்றவன் சொல்கிறேன்.

இந்தத் தந்திரத்துக்கும் ஒரு விலை கொடுத்தேன். ஒரு விண்டோவில் எல்லாம் அழகாக முடிந்தது, ஒரு பேக்கெட்கூடத் தொலையவில்லை. விடியற்காலை நாலு மணி, தூக்கம். செஷன்களைத் திறந்தேன், பச்சை விளக்குகளைப் பார்த்தேன், போய்ப் படுத்துவிட்டேன். மேக்ஸ் மெட்ரிக்கையும் கம்யூனிட்டியையும் எடுக்க மறந்துவிட்டேன். பதினோரு நாள் மொத்த டிராஃபிக்கும் இரண்டாவது எட்ஜில் தனியாக ஓடியது. எல்லா செஷனும் மேலே, ஒரு அலாரமும் இல்லை. அந்தத் தம்பிதான் கிராஃபைப் பார்த்துவிட்டு, "சார், இந்த ரவுட்டர் வேலைக்கு வந்திருக்கு, ஆனா வேலை செய்யல" என்றான்.

இப்போது மெட்ரிக் 65535-ல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் மானிட்டரிங் கத்தும். அந்த அலாரத்தை எழுதியதும் அவன்தான். அனுமதிப் படிவத்தில் 'பாதிப்பு' கட்டத்தையும் இப்போதெல்லாம் அவனையே நிரப்பச் சொல்கிறேன்.